எந்த இடத்தைப் பிடித்தது?

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எச்.ஐ.வி. பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். சுவரில் படித்திருக்கிறோம். பேருந்தின் பின்புறம் படித்திருக்கிறோம். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் அந்தக் கிருமி உடம்புக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது? அதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

உடம்பு அந்த வைரஸை எப்படி அடையாளம் காண்கிறது? அடையாளம் கண்ட பிறகும் ஏன் விரட்ட முடியவில்லை? வெகுசிலருடைய உடம்பு மட்டும் மருந்தே இல்லாமல் அதை அடக்கி வைத்திருக்கிறதே, அது எப்படி? கேள்விகள் மூன்று. விடை ஒன்றுதான். உடம்பு வைரஸைப் பிடித்ததா என்று கேட்டால் போதாது. எந்த இடத்தைப் பிடித்தது என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் சென்னைக்குப் போவோம். ஆண்டு 1986. அமெரிக்காவில் எய்ட்ஸ் பேசப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தியாவில் யாருக்கும் இல்லை, இங்கே வரவும் வராது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு இந்தக் கிருமியைத் தேடுவதையே எடுத்துக்கொள் என்றார். எல்லாமே நெகடிவ் என்றுதான் வரும், பிறகு எதற்கு இந்தச் சோதனை என்பது மாணவியின் எண்ணம். ஆனாலும் கிளம்பினார். மருத்துவமனையிலும், பெண்களைத் தடுத்து வைத்திருந்த விடுதியிலும் பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்தார். மூன்று மாதத்தில் 80-க்கு மேல் சேர்ந்தது. கையுறை கிடையாது. சேமித்து வைக்க இடம் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். இதற்கு வேண்டிய எலைசா என்ற ரத்தச் சோதனை அப்போது சென்னையில் இல்லை. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே டாக்டர் ஜார்ஜ் பாபு, டாக்டர் ஜேக்கப் ஜான். சோதனை நடக்கிறது. நடுவில் கரண்ட் போகிறது. எல்லோரும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தால், ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அந்த மஞ்சள் நிறம்தான். ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். என்ன சோதனைக்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்த நாடு விழித்துக்கொண்டது அவர்கள் ரத்தத்தைப் பார்த்துத்தான்.

சரி, அந்த மஞ்சள் நிறம் எதனுடைய நிறம்? வைரஸின் நிறமா? இல்லை. இங்கேதான் நம்முடைய பாடம் ஆரம்பம்.

எலைசாவில் வைரஸின் புரதங்களை முன்கூட்டியே ஒட்டவைத்திருப்பார்கள். அதன்மேல் நம் ரத்தத்தின் சீரத்தை ஊற்றுவார்கள். அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் நம் ரத்தத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியிருப்பதைத் தேடிப் போய் ஒட்டும் இன்னொரு பொருளை, ஒரு நொதியோடு சேர்த்து விடுவார்கள். கடைசியில் ஒரு ரசாயனம். நொதி இருந்தால் நிறம் மாறும். ஆக, அந்தச் சோதனை கண்டுபிடிப்பது வைரஸை அல்ல. வைரஸைப் பார்த்து நம் உடம்பு தயாரித்த பொருளை. அதற்குத்தான் எதிர்ப்பொருள் என்று பெயர். டாக்டர்கள் ஆன்டிபாடி என்பார்கள்.

இது சின்ன வேறுபாடு என்று நினைக்காதீர்கள். இதில் உயிர் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கு எதிர்ப்பொருள் சோதனை செய்தால் பாசிட்டிவ் வரும். குழந்தைக்குத் தொற்று வந்துவிட்டது என்று அர்த்தமா? இல்லை. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அது 18 மாதம்வரைகூட ரத்தத்தில் இருக்கும். அதனால்தான் கைக்குழந்தைகளுக்கு வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. தொற்று வந்த முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. வைரஸ் இருக்கும், சோதனை நெகடிவ் என்று சொல்லும். இப்போதைய சோதனைகள் சில, வைரஸின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடி, இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன. பி24 என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். இன்று அது இன்னும் இரண்டு முறை வரும்.

தோழர்களே, அந்த ஆறு பெண்களின் உடம்பும் எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டிருந்தது. சந்தேகமே இல்லை. தொற்று வந்த கிட்டத்தட்ட எல்லோருடைய உடம்பும் அடையாளம் காண்கிறது. அப்படியானால் ஏன் வைரஸ் சாகவில்லை? அம்மைக்கு எதிர்ப்பொருள் வந்தால் அம்மை போய்விடுகிறது. இதற்கு எதிர்ப்பொருள் வந்தும் ஏன் இது போகவில்லை? எந்த இடத்தைப் பிடித்தது என்பதுதான் கேள்வி.

வைரஸின் மேற்பரப்பைப் பாருங்கள். அதன்மேல் முள் முள்ளாகச் சில புரதங்கள் நிற்கின்றன. ஃப்ளூ வைரஸில் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். எச்.ஐ.வி.யில் எத்தனை? சுமார் 14. அவ்வளவுதான். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். ஒரு கையால் ஒரு முள்ளையும் மறு கையால் பக்கத்து முள்ளையும் பிடித்தால் பிடி இறுகும். இந்த வைரஸில் பக்கத்து முள் எட்டாத தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒற்றைக் கைப் பிடிதான்.

அந்த முள்ளுக்குள் இரண்டு புரதங்கள். மேலே தலையாக இருப்பது ஜிபி120. கீழே சவ்வில் ஊன்றி நிற்பது ஜிபி41. இப்படி மூன்று ஜோடி சேர்ந்தால் ஒரு முள். நம் வெள்ளையணுவின் மேல் சிடி4 என்ற புரதம் இருக்கிறது. ஜிபி120 அதைப் போய்ப் பிடிக்கிறது. பிடித்ததும் உருவம் மாறி, சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தையும் பிடிக்கிறது. உடனே ஜிபி41 விரிந்து, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகிறது. வைரஸ் உள்ளே போய்விட்டது.

அப்படியானால் சிடி4-ஐப் பிடிக்கும் அந்த இடத்தை ஒரு எதிர்ப்பொருள் மறைத்துவிட்டால் கதை முடிந்தது அல்லவா? முடிந்திருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேருவது சாமானியமல்ல. ஜிபி120-இன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. ஆமாம், சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சர்க்கரையைத் தயாரித்து ஒட்டுவது யார்? நம் செல்லேதான். நம்முடைய சொந்தச் சரக்கு என்பதால் நம் உடம்பு அதைப் பெரும்பாலும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. அந்தச் சர்க்கரைப் போர்வைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருப்பவை சில சுருள்கள். அவற்றை எளிதாகப் பிடிக்கலாம். உடம்பும் ஆசையாகப் பிடிக்கிறது. ஆனால் அந்தச் சுருள்கள் மாறினாலும் வைரஸுக்கு நஷ்டம் இல்லை. ஆகவே மாறிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் முதலில் வரும் எதிர்ப்பொருள்கள் ஜிபி41-ஐப் பிடிக்கின்றன. பிடிக்கின்றன, வைரஸைத் தடுப்பதில்லை. சோதனையில் நிறம் காட்ட அவை போதும். உயிரைக் காக்கப் போதாது.

இன்னும் சில மாதங்களில் உடம்பு சரியான எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அந்த வைரஸைத் தடுக்கிறது. ஆனால் எந்த வைரஸை? சென்ற மாதத்து வைரஸை! இந்த மாதத்து வைரஸ் வேறு. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகலாம். வைரஸின் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதி தப்பும் தவறுமாகப் படியெடுக்கும். அந்தத் தவறுகளில் ஒன்று ஒரு சர்க்கரையை இடம் மாற்றிவிடும். நேற்றுவரை பிடித்த எதிர்ப்பொருள் இன்று வழுக்கிவிடும். உடம்பு மறுபடி புதிதாகத் தயாரிக்கும். வைரஸ் மறுபடி மாறும்.

இந்தப் பந்தயத்தில் நாம் ஜெயித்ததே இல்லையா? ஜெயித்திருக்கிறோம். பல ஆண்டுகள் இந்தப் பந்தயம் ஓடிய பிறகு, சிலருடைய ரத்தத்தில் அபூர்வமான எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவை அவர்கள் உடம்பில் இருக்கும் வைரஸை மட்டும் பிடிப்பவை அல்ல. ஆப்பிரிக்காவில், அமெரிக்காவில், ஆசியாவில் இருக்கும் வைரஸ்களையும் பிடிக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட விஆர்சி01 அப்படிப்பட்டது. சோதித்த வகைகளில் சுமார் 90 சதவீதத்தைத் தடுத்தது. எந்த இடத்தைப் பிடித்தது? சிடி4-ஐப் பிடிக்கும் அதே இடத்தை. சிடி4 எந்தக் கோணத்தில் போய் உட்காருமோ, ஏறத்தாழ அதே கோணத்தில் இதுவும் போய் உட்காருகிறது. அந்த இடத்தை வைரஸ் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாற்றினால் செல்லுக்குள் நுழையும் வழியே அடைபடும். நம் நாட்டிலும் இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் கல்பனா லூத்ரா குழுவினர், தொற்றுள்ள ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து இத்தகைய எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து எய்ம்ஸ்-பி01 என்று பெயர் வைத்தார்கள்.

இதுவரை எதிர்ப்பொருளின் கதை. ஆனால் எதிர்ப்பொருளுக்கு ஒரு வரம்பு உண்டு. வைரஸ் செல்லுக்கு வெளியே இருக்கும்வரைதான் அது எட்டிப் பிடிக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட வைரஸை அது என்ன செய்யும்? அங்கே வேறொரு படை வேண்டும். அதுதான் டி செல்.

டி செல் பார்ப்பது முழுப் புரதத்தை அல்ல. இதைக் கேளுங்கள், இதுதான் இன்றைய பேச்சின் மையம். ஸ்ரீராம்புரத்துக் குடும்பங்களில் ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று வேலை பார்த்த தாத்தாக்கள் இல்லாத வீடு குறைவு. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேனிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று வாட்ச்மேன் போய்ப் பார்ப்பதில்லை. பையில் இருப்பதை வைத்து முடிவு செய்கிறார். நம் உடம்பின் செல்களும் அதையே செய்கின்றன. உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எச்.எல்.ஏ. என்ற புரதத்தில் வைத்து வாசலில் நீட்டுகின்றன. சிடி8 டி செல் ஒவ்வொரு செல்லாகப் போய்ப் பார்க்கிறது. நம் வீட்டுத் துண்டு என்றால் விட்டுவிடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

டி செல் வைரஸின் அடையாளத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதோடு எச்.எல்.ஏ. வகைப் புரதத்தையும் சேர்த்தே பார்க்கிறது என்று 1974-இல் கண்டவர்கள் ரால்ஃப் ஜிங்கர்நேகலும் பீட்டர் டோகர்ட்டியும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், எலிகளை வைத்து. 1996-இல் நோபல் பரிசு. ஒவ்வொருவருடைய எச்.எல்.ஏ.வும் ஒவ்வொரு வகை. என் செல் நீட்டும் துண்டும் உங்கள் செல் நீட்டும் துண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வைரஸ், ஆளுக்கு ஆள் வேறு துண்டு. ஆகவே இங்கேயும் அதே கேள்வி. எந்த இடத்தைப் பிடித்தது?

சிகிச்சையே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் மனிதர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அவர்களிடம் என்ன விசேஷம் என்று உலகம் முழுக்க ஆராய்ந்தார்கள். 2010-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்தால், எல்லாத் தடயமும் எச்.எல்.ஏ. பகுதியில் வந்து நின்றது. குறிப்பாக, எச்.எல்.ஏ. பி என்ற புரதத்தில் துண்டு உட்காரும் பள்ளத்தில். பி57, பி27 என்ற வகைகள் அவர்களில் அதிகம்.

பி57 எந்தத் துண்டை நீட்டுகிறது? பி24-இன் துண்டை! முன்பே சொன்னேனே, அந்த பி24. வைரஸின் மரபுப்பொருளைப் பொத்தி வைத்திருக்கும் கூம்பு வடிவக் கூடு பி24-ஆல் ஆனது. ஏறத்தாழ 1,500 பி24 மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தினால்தான் அந்தக் கூடு நிற்கும். அதில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றித் தப்பிக்கப் பார்த்தால், வைரஸின் வளர்ச்சியே குன்றிப்போகிறது. தப்பிக்காமலும் இருக்க முடியாது, தப்பினாலும் நஷ்டம்.

இது ஊகம் என்று நினைக்காதீர்கள். பி57 உள்ளவரின் உடம்பில் வைரஸ் அந்தத் துண்டை மாற்றிக்கொள்கிறது. மாறிய வைரஸ், பி57 இல்லாத இன்னொருவர் உடம்புக்குப் போகிறது. அங்கே என்ன ஆகிறது? பழைய உருவத்துக்கே திரும்பிவிடுகிறது! கண்காணிப்பு இல்லாத இடத்தில் தனக்குச் சௌகரியமான உருவத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் அதற்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? பி27 உள்ளவர்களிடமும் இப்படியே. அங்கே பி24-இல் ஒரு இடம் மாறினால் வைரஸ் தளர்கிறது. அதைச் சரிக்கட்ட வேறொரு இடத்தில் இன்னொரு மாற்றமும் வந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைய ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை நோயாளிக்கு நிம்மதி. அமைந்துவிட்டால், அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கும்.

வைரஸ் சும்மா இருக்குமா? அதனிடம் நெஃப் என்ற புரதம் இருக்கிறது. அது எச்.எல்.ஏ. ஏ, எச்.எல்.ஏ. பி இரண்டையும் செல்லின் வாசலிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. எச்.எல்.ஏ. சி-ஐ மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. ஏன் தெரியுமா? எல்லாப் பையையும் மறைத்தால், பை எங்கே என்று கேட்கும் இன்னொரு காவல் செல் உண்டு, அதற்கு என்.கே. செல் என்று பெயர். அந்தக் காவலையும் ஏய்க்கத்தான் ஒரு பையைத் திறந்தே வைக்கிறது. இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. சில செல்களின் மரபணுவில் தன் மரபணுவைச் சொருகிவிட்டு, புரதமே தயாரிக்காமல் உறங்குகிறது. புரதம் இல்லை என்றால் துண்டு இல்லை. துண்டு இல்லை என்றால் டி செல்லுக்குத் தெரியாது. இன்றைய மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்புவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்லுக்கும் சிடி8 செல்லுக்கும் ஊக்கம் கொடுப்பது சிடி4 டி செல். வைரஸ் நுழைவது அந்த சிடி4 செல்லுக்குள்ளேயே. அதிலும், எச்.ஐ.வி.யை அடையாளம் கண்டு கிளம்பும் சிடி4 செல்களைத்தான் அது அதிகமாகத் தாக்குகிறது. அடையாளம் கண்டவனே முதல் பலி. அதனால்தான் டாக்டர்கள் சிடி4 எண்ணிக்கை எத்தனை, எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது 200-க்குக் கீழே போனால் மற்ற நோய்கள் உள்ளே வரும்.

அன்பர்களே, இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கிறது. புரதத்தின் உருவம் எப்படி அமையும், எப்படி அமையாது என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடத்தை இன்றும் உலகத்துப் புரத ஆய்வாளர்கள் அவர் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். அவர் பெங்களூருக்கு வந்து 1971-இல் தொடங்கிய துறை எங்கே இருக்கிறது? நாம் டாடா இன்ஸ்டிடியூட் என்கிறோமே, அங்கே. மல்லேஸ்வரத்தைத் தாண்டினால் வந்துவிடும். அதே துறையில் ராகவன் வரதராஜன் குழுவினர் ஜிபி120-ஐ எடுத்துக்கொண்டார்கள். முழு ஜிபி120-ஐக் காட்டினால் உடம்பு வேண்டாத இடங்களையே பிடிக்கிறது. வேண்டிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதன் உருவம் குலையாமல் நிற்க வைத்துக் காட்டினால்? அப்படி வடிவமைத்து, பாக்டீரியாவில் தயாரித்த ஜிபி120 துண்டை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்கா குழுவினர், இந்தியாவில் பெரும்பாலும் பரவியிருக்கும் சி வகை எச்.ஐ.வி.யைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பீர்கள். இப்போது உங்களுக்கே பதில் தெரியும். சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்திலும் புனேயிலும் 2005 முதல் சிறிய அளவில் தடுப்பூசிச் சோதனைகள் நடந்தன. பாதுகாப்பானவை என்று தெரிந்தது. அதைத் தாண்டிப் போகவில்லை. டி செல்லை மட்டும் நம்பிய ஒரு பெரிய சோதனையைப் பயன் இல்லை என்று 2007-இல் நிறுத்தினார்கள். தாய்லாந்தில் 16,000-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற சோதனையில் 2009-இல் கிடைத்த பாதுகாப்பு 31 சதவீதம்தான். விஆர்சி01-ஐயே நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் தொற்று குறையவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருள் நன்றாகப் பிடிக்கும் வகை வைரஸ்களிடமிருந்து மட்டும் சுமார் 75 சதவீதம் பாதுகாப்பு. மறுபடியும் அதே விடை. பிடித்த இடம் சரியாக இருந்தால் பலன். இல்லையென்றால் இல்லை.

இப்போதைய யோசனை வேறு. விஆர்சி01 போன்ற எதிர்ப்பொருள் ஒரே நாளில் பிறப்பதில்லை. அதன் ஆதி நிலையில் உள்ள பி செல்லை முதலில் தட்டியெழுப்ப வேண்டும். பிறகு வேறு வேறு ஊசிகளால் படிப்படியாக வழிநடத்த வேண்டும். முதல் படியைச் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேரிடம் அந்த பி செல் எழுந்தது என்று 2022-இல் வெளியானது. முதல் படிதான். ஆனால் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மருந்திலும் இதே பாடம்தான். லெனகாபவிர் என்று ஒரு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது தெரியுமா? ஒருவருக்கும் இல்லை. 2024-இல் வந்த முடிவு இது. அந்த மருந்து வைரஸின் எந்த இடத்தைப் பிடிக்கிறது? பி24 கூட்டை. பி57 உள்ளவர்களின் டி செல்கள் பல காலமாகக் குறிவைத்த அதே புரதத்தை!

இனி, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது.

பாசிட்டிவ் என்று ஒரு தாள் சொல்கிறது. அந்தத் தாள் உண்மையில் என்ன சொல்கிறது? இவருடைய உடம்பு வைரஸைப் பார்த்துவிட்டது, பார்த்துப் போராடிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறது. அவருடைய குணத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்தும் இல்லை. குணத்தைக் கண்டுபிடிக்கும் எலைசா எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது!

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, பரிசோதனை. சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செலவில்லை, 1097 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். கர்ப்பிணிப் பெண்கள் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தாய் மருந்தெடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

இரண்டாவது, மருந்து. 2004 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில், எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து இலவசம். நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவாது. உடம்பு தனியாகச் செய்ய முடியாததை மாத்திரை சேர்ந்து செய்கிறது. பாதியில் நிறுத்தினால், உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாராவது மருந்தெடுத்தால், எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா என்று கேளுங்கள்.

மூன்றாவது, சட்டம். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக்கூடாது. முடிவை வெளியே சொல்லக்கூடாது. வேலையை விட்டு, பள்ளியை விட்டு, வாடகை வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது. அப்படித் துரத்துகிறவர்களிடம் இது சட்ட விரோதம் என்று முகத்துக்கு நேரே சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் சாவியைக் கேட்கும் அன்று, அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நான்கு பேர் போய் நிற்க வேண்டும். அந்த நான்கு பேர் இந்த அரங்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.